ஆணி பொறுக்கற காந்தம்

அந்தப் பையைச் சித்த மடியில வெச்சுக்க அம்மிணி, நானும் உக்காந்துக்கறேன். மலை ஏறற பஸ்ஸு. நின்னுட்டு வந்தா வளைவுக்கு வளைவு ஆளுக மேல விழோணும். நீ எங்க, கடம்பூரா? பள்ளிக்கூடத்து டீச்சரா? அதான பாத்தேன், மூஞ்சியிலயே எழுதியிருக்குது. ஊரு திருச்சிப் பக்கமா? செரி செரி.

எனக்கு ஊரு கோபி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தெய்வா ஸ்கேன்ஸ்னு ஒன்னு இருக்குது. என்ற பேருதான் அது. தெய்வாத்தாள். முழுசாப் போட்டா பழைய காலத்துப் பேரா இருக்குதுன்னு என்ற ஊட்டுக்காரர் போர்டுல பாதியா வெட்டிப்போட்டாரு. சென்டர் அவருதுதான். ஆனா கல்லாவுல, முன்னால, எல்லாம் நான்தான்.

இப்ப எங்க போறேனா? என்ற கொழுந்தனைப் பாக்கப் போறேன். மலைமேல ஆஸ்பத்திரியில ஒரு மெஷினை வெச்சுட்டு உக்காந்திருக்கறான். மெஷினாம்! அதை மெஷின்னு சொன்னா நெசமான மெஷினுக்கெல்லாம் ரோசம் வந்துரும்.

நான் அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வர்றப்ப லோகு ஆறாங்கிளாஸ். லோகநாதன். மாமியா அப்பவே படுத்த படுக்கை. அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்து, பேன் பாத்து, பரிச்சைக்குத் தட்டி எழுப்பி எல்லாம் நான்தான். எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டியை நங்கைம்பாங்க. நங்கையா நங்கையான்னு பின்னாலயே திரிவான். படிச்சான், அதை இல்லைங்கல. வெளிநாட்டுக்குப் போனான். எம்.ஆர்.ஐ. மெஷின் செய்யற பெரிய கம்பெனியில வேலை. காரு, ஊடு, பனி கொட்டற ஊரு. அத்தனையும் விட்டுட்டு ஒரு நாளு பொட்டியும் கையுமா வாசல்ல வந்து நிக்கறான்.

ஏண்டா சாமீன்னேன்.

'அங்க செய்யறதை நம்மூர்ல எத்தனை ஆஸ்பத்திரி வாங்க முடியும் நங்கையா? வயித்துல கட்டி இருக்குதான்னு தெரிஞ்சுக்க மலையில இருந்து கோயமுத்தூர் வரைக்கும் வர்றாங்க. வர்றதுக்குள்ள முத்திருது. நான் சின்னதா, கம்மி விலையில ஒன்னு செய்யப்போறேன்'ங்கறான்.

கம்மி விலை! கம்மி விலையில சீப்பு வாங்கலாம், செருப்பு வாங்கலாம். வயித்துக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கறதுக்குமா கம்மி விலை?

எங்க மெஷின் வந்த அன்னைக்கு நீ பாத்திருக்கோணும். லாரி தெருவுக்குள்ள திரும்ப முடியாம செவுத்தை இடிச்சு உள்ள கொண்டாந்தோம். ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு. அதுக்குள்ள என்னமோ ஒரு வாயு ரொப்பி எப்பவும் குளுகுளுன்னே வெச்சிருக்கோணும். ரூமுக்குள்ள போனா பல்லு கிட்டிக்கும். ஆரம்பிச்சா தட்டு தட்டுன்னு ஒரு சத்தம் வரும் பாரு, காதுல பஞ்சு வெச்சாலும் மண்டைக்குள்ள கேக்கும். உள்ள போய்ட்டு வர்றவன் மூஞ்சி வெளுத்துப்போய் வரோணும் அம்மிணி. அப்பத்தான் என்னமோ நடந்திருக்குதுன்னு நெனப்பான். நாங்க தொழில் பண்றவிய, எங்களுக்குத் தெரியாதா?

லோகு கோயமுத்தூர்ல ஒரு தகரக் கொட்டாய் புடிச்சு வருசக்கணக்கா என்னத்தையோ முடுக்கிட்டு இருந்தான். கூட ஷெரின்னு ஒரு எஞ்சினீயர் புள்ளை. நாகர்கோயில்காரி. அது பேசறது எனக்குப் பாதி புரியாது. செஞ்சு முடிச்சு, ஒரு நாளு மினி வேன்ல ஏத்திட்டு எங்க சென்டருக்கே வந்துட்டாங்க ரெண்டு பேரும். எறக்குனாங்க. பாத்தேன். ஒரு பீரோவைக் கவுத்துப் போட்டு நடுவுல ஆளு படுக்கறாப்புல சந்து விட்டிருந்தா எப்படி இருக்கும்? அதான். வாயுவும் கெடையாது, குளுரும் கெடையாது. வெறும் காந்தமாம்.

'காந்தமா? இரும்புக்கடையில ஆணி பொறுக்க வெச்சிருப்பாங்களே, அதா?'ன்னேன்.

கோபமாச்சும் வரும்னு பாத்தேன். சிரிக்கறான். 'அதேதான் நங்கையா. கொஞ்சம் பெருசு.'

எதுக்கு எங்க சென்டருக்குக் கொண்டாந்தான்னா, பரிசோதனைக்கு. எங்க பெரிய மெஷின்ல வயித்து ஸ்கேனுக்கு வர்றவிய, இஷ்டப்பட்டா அவன்ற மெஷின்லயும் ஒருக்காப் படுக்கோணும். ரெண்டு மெஷின் படத்தையும், எது எதுல எடுத்தது, ஆரோடதுன்னு சொல்லாம எங்க டாக்டர்கிட்டக் குடுப்பாங்க. அவரு ஒவ்வொன்னையும் தனித்தனியாப் பாத்து எழுதுவாரு. பெரிய மெஷின் காட்டுன கட்டியைச் சின்ன மெஷினும் காட்டுதான்னு பொறவு ஒத்துப் பாப்பாங்க. இதுக்கு என்ற ஊட்டுக்காரர் என்னைய ஒரு வார்த்தை கேக்காம சரின்னு தலையாட்டிட்டாரு. தம்பியாச்சே! ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல இருந்த சாமான் ரூமை ஒழிச்சுக் குடுத்தாச்சு. என்ற பழைய கிரைண்டரைத் தூக்கி வெயில்ல வெச்சுட்டாங்க.

அன்னையிலிருந்து எங்க சென்டரு சந்தக்கடை ஆயிருச்சு. ஓசின்னு சொன்னதும் எங்கிருந்துதான் வருவாங்களோ. ரப்பர் செருப்பும் தூக்குப்போசியுமா வந்து ஏசி ஹால்ல உக்காந்துக்கறது. நான் மூஞ்சி சுளிச்சா லோகு ஓடியாந்து அவியளுக்குத் தண்ணி மொண்டு குடுப்பான். வெளிநாட்டுல வேலை பாத்தவன் பண்ற வேலையா இது?

அதைவிடக் கூத்து ஒன்னு. ஒரு ஆளுக்கு ஈரல்ல சின்னதா என்னமோ எங்க மெஷின்ல தெரிஞ்சிருக்குது. அவன்ற மெஷின்ல தெரியவேயில்லை. இதை எவனாச்சும் வெளிய சொல்லுவானா? இவன் அதை எல்லாத்துக்கும் மேல எழுதி வெச்சுட்டு, ஷெரினும் அவனும் மத்தியானச் சோறு உண்காம அந்தப் படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. 'இத்தனை சின்னதை இது புடிக்காது நங்கையா. எதைப் புடிக்கும், எதைப் புடிக்காதுன்னு உள்ளபடி சொல்லிட்டாத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க நம்பி வெக்கலாம்'ங்கறான். கடையில உக்காந்துட்டு என்ற சரக்கு சொத்தைன்னு கூவறவனை எங்காச்சும் பாத்திருக்கியா? அவன்ற அண்ணன்கிட்டச் சொன்னேன், இவனுக்குத் தொழில் வராதுன்னு. அவரு பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டாரு.

அப்பறம் நோவில்லாதவியளும் வேணும்னாங்க. ஒன்னுமில்லாத வயித்தை ஒன்னுமில்லைன்னு சொல்லுதான்னும் பாக்கோணுமாம். நோவில்லாதவன் எவன் வந்து படுப்பான்? அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. நான் படுக்கறேன்னேன்.

லோகுவுக்கு அத்தனை சந்தோசம். 'நெசமாவா நங்கையா?'ன்னு ரெண்டு தடவை கேட்டான். என்ற ரோசனை அவனுக்கென்ன தெரியும்? என்ற ஒடம்பு கல்லு மாதிரி. ஒரு தலைவலி, காச்சல்னு படுத்ததில்லை. இந்தப் பீரோ எப்படியும் கல்லு இருக்குது, மண்ணு இருக்குதுன்னு எதையாச்சும் உளறும். ஒடனே எங்க மெஷின்ல படுத்து ஒன்னுமில்லைன்னு காட்டிட்டா, அன்னைக்கே மினி வேன்ல ஏத்தித் தாட்டி விட்டறலாம். கிரைண்டரும் உள்ள வந்துரும்.

ஷெரின் வந்து, 'அக்கா, சங்கிலி, வளையல், தாலி எல்லாத்தையும் களத்திருங்க'ன்னா. வந்துச்சு பாரு எனக்கு! தாலியைக் கழட்டறதா? எத்தனையோ பொம்பளைகளைக் கழட்டு கழட்டுன்னு நானே வெரட்டியிருக்கறேன். அது தொழிலு. அதுக்குன்னு என்னையவே கழட்டச் சொல்றதா? கடைசியில மஞ்சக் கயித்துல கெழங்கு கட்டிப் போட்டுட்டுப் போய்ப் படுத்தேன். சத்தமே இல்லை. பூனை ஒறங்கறாப்புல ஒரு முனகல், அவ்வளவுதான். மூச்சைப் புடிங்க, விடுங்கன்னா. புடிச்சேன், விட்டேன். பாதியில தூங்கியே போயிட்டேன். தூக்கம் வர்ற மெஷின் ஒரு மெஷினா?

மக்கா நாளு காலையில அடுப்படியில நிக்கறேன். என்ற ஊட்டுக்காரர் வந்தாரு. அவரு அடுப்படிக்கு வர்ற ஆளே இல்லை. வந்து தண்ணிப் பானையைத் தொட்டுப் பாக்கறாரு, உப்பு ஜாடியைத் திருப்பி வெக்கறாரு.

'என்னுங்க?'

'ஒன்னுமில்ல தெய்வா. லோகு மெஷின்ல எடுத்த படங்களை நம்ம டாக்டரு பாத்தாராம். ஆருதுன்னு அவருக்குத் தெரியாது. ஒரு படத்துல வலது பக்கத்துக் கிட்னியில கட்டியாட்டம் இருக்குது, ஒடனே பாக்கோணும்னு எழுதியிருக்காரு. அது... ஷெரின் நம்பரை ஒத்துப் பாத்துச்சாம். அது உன்றது.'

நான் என்ன பண்ணுனேன்னு நெனைக்கறே? கையைத் தட்டிட்டேன்! கரண்டி கீழ விழுந்திருச்சு. 'பாத்தீங்களா, நான் சொன்னனா இல்லையா? பொய் சொல்லுது!'ன்னேன். அவரு மூஞ்சி ஏன் அப்படி இருந்துச்சுன்னு அப்ப எனக்குப் புரியல. என்ற தங்கச்சிக்குப் போன் பண்ணி, லோகுவோட பீரோ வசமா மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். சென்டருக்குப் போய் கல்லாவுல இருந்த புள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன். 

லோகு ஓடியாந்தான். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கறான், தலை சீவல. 'நங்கையா, இப்பவே பெரிய மெஷின்ல படுங்க. இப்பவே'ங்கறான். மானம் போகப் போவுதுன்னு பதறறான்னு நெனச்சுட்டு, 'படுக்கறண்டா, எதுக்கு இத்தனை அவசரம்? வர்றவியளை முதல்ல முடிச்சுத் தாட்டட்டும்'னு வேணும்னே காக்க வெச்சேன். எதுத்தாப்புல பெஞ்சுல உக்காந்துட்டு கதவையே பாத்துட்டிருந்தான். அவன் அப்படி உக்காந்திருக்கறதைப் பாக்க எனக்குத் திருப்தியா இருந்துச்சு.

அப்பறம் போய் எங்க மெஷின்ல படுத்தேன். கையில ஊசி போட்டு மருந்து ஏத்துனாங்க. குளுருன்னா குளுரு, சத்தம்னா சத்தம். ராசா மெஷின்! வெளிய வந்து கொண்டையை முடிஞ்சுட்டு, டாக்டரு கூப்புடுவாருன்னு உக்காந்திருந்தேன்.

எங்க டாக்டர் ருக்மாங்கதன் ரூமை விட்டு வெளிய வரவே மாட்டாரு. அவரு பாட்டுக்கு இருட்டுல படத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அன்னைக்கு எந்திரிச்சு வந்தாரு. வந்து, பேசண்டுக உக்கார்ற பிளாஸ்டிக் நாற்காலியில என்ற பக்கத்துல உக்காந்தாரு.

'தெய்வாம்மா, ரெண்டு மெஷினும் ஒன்னையேதான் சொல்லுது'ன்னாரு.

'அப்ப ரெண்டுமே பொய் சொல்லுதுங்களா?'ன்னேன்.

என்ற கையை எடுத்து அவரு கைமேல வெச்சுட்டாரு. இத்தனை வருசத்துல அந்த மனுசன் எனக்குக் குட்மார்னிங் சொன்னதோட செரி.

எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்துச்சாம். வலியில்லை, நோவில்லை, ஒன்னுமே தெரியல. உள்ளுக்குள்ள அது பாட்டுக்கு உக்காந்திருக்குது, திருட்டு எழவு. எங்க மெஷின்தான் கண்டுபுடிச்சுச்சு. நல்லாக் கேட்டுக்க, எங்க மெஷின். அவன்றது சும்மா குருட்டாம்போக்குல உளறுச்சு. அதுக்கு முன்னாடியே சொல்லுச்சுங்கறது வேற விசயம். முன்னாடி சொல்றது பெருசில்லை, உறுதியாச் சொல்லோணுமில்ல?

கோயமுத்தூர்ல ஆபரேசன். கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் கிட்னியையும் வெட்டி எடுத்துப்போட்டாங்க. புத்துக்கட்டிதான்னு சொன்னாங்க. ஆனா அந்தக் கூட்டை விட்டு வெளிய பரவல. மருந்து, கரண்டு வெக்கறது ஒன்னும் வேண்டாம், வருசா வருசம் படம் எடுத்துப் பாத்தாப் போதும்னுட்டாங்க. இன்னும் கொஞ்ச நாளு கழிச்சு வந்திருந்தா கதை வேறன்னு அந்தப் பெரிய டாக்டரு லோகுகிட்டச் சொல்லிட்டிருந்தாரு. நான் கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில பூரா லோகுதான் இருந்தான். என்ற ஊட்டுக்காரருக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும், அவரை வெச்சுட்டு ஒன்னும் ஆகறதில்லை. லோகு பொண்டாட்டி பரணி தெனமும் சோறு கொண்டாருவா. உப்பும் இல்லை, ஒறப்பும் இல்லை. டாக்டரு சொன்னாராமா. டாக்டரு சொன்னா? ஒரு கல்லு உப்புல செத்தா போயிருவேன்? மூஞ்சியைத் தூக்கிட்டு அத்தனையும் உண்டேன். என்னைய எந்திரிக்க வெச்சு வராந்தாவுல நடக்க வெப்பான். மெதுவா நங்கையா, மெதுவா நங்கையான்னு. நான் என்ன கண்ணாடியா?

இப்ப வர்றேன் பாரு என்ற வயித்தெரிச்சலுக்கு. பரிசோதனை முடிஞ்சு கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஓட்டல்ல டாக்டருகளெல்லாம் கூடியிருந்தாங்க. இவன் மேடையேறி அவன்ற மெஷினைப் பத்திப் பேசுனான். எங்களையும் கூப்புட்டிருந்தான். நானும் பட்டுச்சீலை கட்டிட்டு முன் வரிசையில உக்காந்திருந்தேன். படம் காட்டறான். செவுரு பூரா ஒரு கிட்னி. இந்தப்பக்கம் பெரிய மெஷின்ல எடுத்தது, அந்தப்பக்கம் இவன்றதுல எடுத்தது. எல்லாரும் எட்டி எட்டிப் பாக்கறாங்க. என்ற கிட்னி அம்மிணி! பாத்ததும் எனக்கே தெரிஞ்சுபோச்சு. என்ன சொல்றான்? 'ஐம்பத்து நாலு வயசுப் பெண். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்.' அவ்வளவுதான். பேரு இல்லை! வயசை ஊருக்கே சொன்னவன் பேரைச் சொல்லல. வெளிய வந்ததும் புடிச்சுட்டேன்.

'ஏண்டா, ஒப்புக்காச்சும் என்ற பேரைச் சொல்லக்கூடாதா?'

'பேசண்டு பேரை வெளிய சொல்லக்கூடாதுங்க நங்கையா.'

'நான் உனக்குப் பேசண்டா?'

மூக்கை உறிஞ்சிட்டு நிக்கறான். அத்தனை பெரிய டாக்டருக வந்து கை குடுக்கறாங்க, இவன் மூக்கை உறிஞ்சிட்டு நிக்கறான். என்ற கிட்னியை வெச்சுப் பேரு வாங்கிட்டான், அம்மிணி. என்ற கிட்னி இல்லீன்னா அந்தப் பீரோவை எவன் திரும்பிப் பாத்திருப்பான்? 

அப்பறம்தான் மலைமேல ஆஸ்பத்திரிக்காரங்க ஒன்னு வேணும்னு வாங்கிட்டாங்க. பேட்டரியிலயே ஓடுது, கரண்டு போனாலும் நிக்கறதில்லைன்னு அவியளுக்கு அதுல ஒரு பெருமை. மலைக்காட்டு சனம், பாவம், நல்ல மெஷினைக் கண்டதில்லை. இதையே சாமியாட்டம் பாக்குதுக. இப்ப வேற எங்கெங்கயோ இருந்தெல்லாம் கேக்கறாங்களாம். கேக்கட்டும், எனக்கென்ன?

என்ன கேட்டே? சத்தமாக் கேளு, பஸ்ஸு எரையுது. ஓ, செக்கப்புக்கா இந்த மலை ஏறறேன்னா? ஆமா, வருசத்துக்கு ஒருக்கா. எங்க சென்டர்லயே அத்தனை பெரிய மெஷின் இருக்கறப்ப இங்க எதுக்கா?

நல்லாக் கேட்டே போ. எங்க மெஷின்ல எப்பவும் கூட்டம், வர்றவியளைக் காக்க வெச்சுட்டு நான் போய்ப் படுக்க முடியுமா? அதுவுமில்லாம அந்தக் குளுரு இப்பெல்லாம் முதுகுக்கு ஆகறதில்லை. சத்தம் வேற. டாக்டரும் உங்களுக்கு எதுல எடுத்தாலும் போதும்னுட்டாரு. மலைக்காத்தும் நல்லாருக்குது. அதுக்குத்தான். வேற ஒன்னுமில்லை.

ஆனா ஒன்னு சொல்றேன், இவன்ற லட்சணத்தைக் கேளு. போன தடவை வந்திருந்தேன். ஷெரின்தான் படுக்க வெச்சா. அந்த மெஷினு பக்கவாட்டுல தெறந்திருக்கும், தலையைத் திருப்புனா சன்னல் தெரியும். பாக்கறேன், லோகு வெளிய பலாமரத்தடியில முதுகைக் காட்டிட்டு நிக்கறான். ஏம்புள்ளே, இவனுக்கு என்னாச்சுன்னேன். 'உங்களுக்குப் படம் எடுக்கும்போ சார் உள்ள நிக்க மாட்டாரு அக்கா. எப்பவும் இப்படித்தான். நல்லாருக்குன்னு நான் போய்ச் சொன்ன பொறவுதான் வருவாரு'ங்கறா.

எத்தனை பேரு ஈரலையும் கொடலையும் கண்ணு சிமிட்டாமப் பாத்தவன்! அவன் செஞ்ச மெஷினைப் பாக்க அவனுக்கே தைரியமில்லை. இவனெல்லாம் ஒரு எஞ்சினீயரு!

அன்னைக்கு ஷெரினை நீ போகாதேன்னுட்டேன். படம் சுத்தமா இருக்குதுன்னு அவ சொன்னதும் நானே எந்திரிச்சுப் போனேன். 'டேய் லோகு'ன்னேன். திரும்ப மாட்டீங்கறான். அந்த மரத்தைக் கட்டிட்டு நிக்காத கொறை. 'ஒன்னுமில்லடா. வா, சோறு உண்கலாம்'னேன். அப்பத்தான் திரும்புனான். திரும்பி, தரையிலயே உக்காந்துட்டான், அத்தனை நோயாளிக பாக்கறாங்கன்னுகூட இல்லாம. எனக்கு மானமே போச்சு. 

இன்னைக்கும் நான் வர்றேன்னு தெரியும் அவனுக்கு. விடிஞ்சதுல இருந்து எதையும் வாயில வெச்சிருக்க மாட்டான், பைத்தியக்காரன். நான் போய்ப் படுத்து எந்திரிச்சாத்தான்... இந்த டிரைவரு என்ன இப்படி உருட்டறான்? ஏனுங் தம்பி! ஏனுங், முன்னால! சித்த வேகமாத்தான் ஓட்டுனா என்ன?